மலை ஒண்ணு, பேர் ரெண்டு!

அலாஸ்காவில் 20,310 அடி உசரத்தில் நிற்கிறது, வட அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரம். பூமிக்கடியில் ஏறக்குறைய ஐந்தரைக் கோடி வருஷம் முன்னால் இறுகிய கிரானைட். பசிபிக் தட்டு நெம்பித் தள்ளியதில் மேலே வந்தது. பூர்வகுடிகள் வைத்த பேர் டெனாலி. 'உயரமானது' என்று அர்த்தம். சிம்பிள்!

1896-ல் தங்கம் தேடிப் போனார் வில்லியம் டிக்கி. வெள்ளி நாணயம்தான் வேணும் என்று சிலர் அவரிடம் வாதாடிக் கழுத்தறுக்க, கடுப்பில் தங்கக் கட்சி வேட்பாளர் மெக்கின்லி பேரை மலைக்கு வைத்துவிட்டாராம். (பி.காம்.மில் கோல்டு ஸ்டாண்டர்டை இப்படி நடத்தியிருந்தால் ஒரு பயல் தூங்கியிருப்பானா?) ஜனாதிபதியான மெக்கின்லி, அலாஸ்கா பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

1975-லேயே அலாஸ்கா மாகாணம் 'டெனாலி' என்றது. வாஷிங்டன் மசிய 2015 ஆனது, ஒபாமா காலம். 2025 ஜனவரியில் ட்ரம்ப் மறுபடி மெக்கின்லி ஆக்கினார். அலாஸ்கா சட்டசபை, 'டெனாலியே இருக்கட்டும்' என்று தீர்மானம் போட்டது. கூத்து என்னவென்றால், மலையைச் சுற்றியுள்ள தேசியப் பூங்காவின் பேர் மாறவில்லை. அது டெனாலிதான்!