மென்பொருள் உருவாக்குநரின் தனி அடையாளம்

மென்பொருள் உருவாக்குநரின் தனி அடையாளம் என்பது, ஒரு நிரலரின் பெயரைக் கேட்டவுடன் அவர் செய்யும் வேலையின் வகையும் தரமும் பிறர் நினைவுக்கு வருவதைக் குறிக்கும். ஆங்கில வழக்கில் இது பர்சனல் பிராண்டிங் எனப்படுகிறது. பணி அனுபவமோ பரிந்துரைக்க ஆளோ இல்லாத புதியவர், தம் திறமையைச் சான்றுடன் காட்டுவதற்கு இது ஒரு வழியாகும்.

சொல்லின் பின்னணி

1997 ஆகஸ்டில் பாஸ்ட் கம்பெனி என்னும் அமெரிக்க இதழில் டாம் பீட்டர்ஸ் எழுதிய கட்டுரை இக்கருத்தைப் பரவலாக்கியது. நிறுவனங்கள் தம் பொருள்களின் பெயரை வளர்ப்பது போல, ஒவ்வொருவரும் தம் பெயரை வளர்க்க வேண்டும் என்பது அவர் வாதம். எனினும், பொருளுக்கும் நிரலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சோப்பு வாங்குபவர் அதைக் கரைத்துப் பார்த்து வாங்குவதில்லை. உறையிலுள்ள பெயரை நம்பி வாங்குகிறார். மூல நிரலை எவரும் திறந்து படித்துப் பார்க்கலாம். ஆகவே, இத்துறையில் விளம்பரத்தைவிட வேலையே பெயரை நிலைநிறுத்துகிறது.

லினக்ஸ்: ஓர் எடுத்துக்காட்டு

1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற 21 வயது மாணவர். அவ்வாண்டு ஆகஸ்ட் 25 அன்று, மினிக்ஸ் இயங்குதளப் பயனர்களின் யூஸ்நெட் செய்திக்குழுவில் ஒரு சிறு அறிவிப்பை வெளியிட்டார். தாம் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாகவும், அது பொழுதுபோக்கு முயற்சியே என்றும் கூறி, பிறரின் கருத்தைக் கேட்டார். அது பிற வகைக் கணினிகளுக்கு எளிதில் மாற்றத்தக்கதன்று என்ற குறையையும் அவர் மறைக்கவில்லை.

செப்டம்பரில் வெளிவந்த 0.01 பதிப்பில் ஏறத்தாழ 10,000 வரிகளே இருந்தன. தம் பெயரைச் சூட்டுவது தற்பெருமையாகும் எனக் கருதிய டோர்வால்ட்ஸ், அதற்கு பிரீக்ஸ் என்னும் பெயரை எண்ணியிருந்தார். கோப்புகளுக்குச் சேவையகத்தில் இடமளித்த ஆரி லெம்கே, அந்த அடைவுக்கு லினக்ஸ் எனப் பெயரிட்டார். அப்பெயரே நிலைத்தது. உருவாக்கியவர் தாமே சூட்டிக்கொள்ளாத பெயரை, வேலையைக் கண்ட மற்றொருவர் சூட்டினார்.

வேலையின் பதிவேடு

லினக்ஸ் கருநிரல் பணிக்காக டோர்வால்ட்ஸ் 2005 இல் கிட் என்னும் கருவியை எழுதினார். நிரலில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்துடனும் பெயர், மின்னஞ்சல் முகவரி, நேரம், விளக்கக் குறிப்பு ஆகியவை இதில் பதிவாகின்றன. 2008 இல் தொடங்கப்பட்ட கிட்ஹப் போன்ற தளங்கள் இப்பதிவுகளைப் பொதுவெளியில் காட்டுகின்றன. தன்விவரக் குறிப்பில் பைத்தான் தெரியும் என்று எவரும் எழுதலாம். பிழையை எப்படிக் கண்டறிந்தார், எவ்வாறு திருத்தினார், பிறர் குறை கூறியபோது என்ன மறுமொழி தந்தார் என்பவற்றை இப்பதிவேடுதான் காட்டும்.

தொடங்கும் முறை

முதல் திட்டம் சிறியதாகவும் பயனுள்ளதாகவும் இருப்பது நன்று. எடுத்துக்காட்டாக, "தமிழ்" என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன. பைத்தானின் நீளம் காணும் கட்டளையோ 5 என விடை தரும். யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாக அச்சொல் சேமிக்கப்படுவதே காரணம். எழுத்துகளைச் சரியாக எண்ணும் சிறு கருவியை ஒரு மாணவரால் எழுத முடியும். அதனுடன் பின்வருவன இருக்க வேண்டும்:

* ரீட்மி கோப்பு: கருவி என்ன செய்யும், எப்படி நிறுவுவது, எது இன்னும் இயலாது என்பதற்கான விளக்கம். "ஸ்ரீ போன்ற கூட்டெழுத்துகளை இன்னும் கையாளவில்லை" என்ற ஒரு வரி நம்பிக்கையைக் கூட்டும்.
* சோதனைகள்: கருவி சரியான விடை தருகிறதா எனப் பிறரும் சரிபார்க்க உதவுபவை.
* உரிமம்: எம்ஐடி, ஜிபிஎல் போன்றவற்றுள் ஒன்று. உரிமம் குறிப்பிடப்படாத நிரலைப் பிறர் பயன்படுத்தச் சட்டப்படி அனுமதி கிடைப்பதில்லை.

எச்சரிக்கைகள்

எண்ணிக்கையைத் துரத்துவது பெயரைக் கெடுக்கும். ஹாக்டோபர்பெஸ்ட் என்னும் நிகழ்வில், 2020 அக்டோபரில் நான்கு மாற்ற வேண்டுகோள்களை அனுப்புவோருக்கு டி-சட்டை பரிசாக அறிவிக்கப்பட்டது. ரீட்மி கோப்புகளில் ஓரிரு சொற்களை மட்டும் சேர்த்த வேண்டுகோள்கள் குவிந்தன. அவற்றைக் களைவதில் தன்னார்வலர்களின் நேரம் வீணாயிற்று. பின்னர், விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்புபவை மட்டுமே கணக்கில் கொள்ளப்படும் என விதி மாற்றப்பட்டது.

கடவுச்சொல்லையோ அணுகல் திறவியையோ பதிவேற்றிவிட்டால், கோப்பை அழிப்பது மட்டும் போதாது. அது பழைய பதிப்புகளில் தங்கிவிடும். முதலில் அத்திறவியைச் செல்லாததாக்க வேண்டும். பணிபுரியும் நிறுவனத்தின் நிரலை அனுமதியின்றி வெளியிடக் கூடாது. பிறரிடமிருந்தோ செயற்கை நுண்ணறிவுக் கருவியிடமிருந்தோ பெற்ற நிரலாயின், அதன் ஒவ்வொரு வரியையும் விளக்க இயலாதவர் நேர்காணலில் தடுமாறுவார்.

வரம்புகள்

பொதுவெளிப் பதிவு இல்லாமை திறமையின்மையைக் காட்டாது. பகுதிநேர வேலை செய்து படிப்பவருக்கும், வீட்டுப் பொறுப்பைச் சுமப்பவருக்கும் மாலை நேரம் எளிதில் வாய்ப்பதில்லை. அனுபவமுள்ள பலரின் வேலையும் நிறுவனங்களின் மூடிய களஞ்சியங்களிலேயே உள்ளது. அன்றாடம் எதையேனும் பதிவேற்றியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பாதியில் நின்ற இருபது திட்டங்களைவிட, முழுமை பெற்று ஒருவருக்கேனும் பயன்படும் ஒரு திட்டமே புதியவரின் பெயருக்கு உறுதியான சான்றாகும்.