அணைக்குக் கீழே

மார்கழி மாதத்தில் செய்யத் தக்க காரியங்கள் என்று நம் பெரியோர்கள் பலவற்றைச் சொல்லியிருக்கிறார்கள். விடியுமுன் எழுந்து நீராடுவது, வாசலில் கோலம் போடுவது, கோவிலுக்குப் போய்ச் சுடச்சுட வெண்பொங்கல் வாங்கிச் சாப்பிடுவது முதலியவை அவற்றில் சேரும். பல் கிட்டும் குளிரில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு மீனுக்குத் தூண்டில் போடுவது அந்த ஜாபிதாவில் இல்லை. ஆனால் அமெரிக்காவில் அப்படிச் செய்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அதிலும் பெரிய அணைகளுக்குக் கீழே ஓடும் ஆறுகளைத் தேடிப் போய் அந்தத் தவத்தைச் செய்கிறார்கள்.

இந்த விசித்திரத்தை ஒரு நாள் நமது வகுப்பில் சொல்லப் போக, அது பெரிய வினையாக முடிந்தது. அந்தக் கதையைத்தான் நேயர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

அர்க்கன்ஸாஸ் மாகாணத்தில் ஒயிட் நதி என்று ஓர் ஆறு ஓடுகிறது. அதன் உபநதி ஒன்றில் நார்ஃபோர்க் அணையை 1944-ல் கட்டி முடித்தார்கள். ஒயிட் நதியிலேயே புல் ஷோல்ஸ் என்னும் பேரணை 1951-ல் முடிந்தது. அணைகள் எழும்பிய பிறகு ஆற்றின் குணமே மாறிப் போயிற்று. ஆழமான நீர்த்தேக்கத்தில் மேல் தண்ணீர் வெயிலில் சூடேறும். அடித் தண்ணீர் வருஷம் முழுவதும் குளிர்ந்தே கிடக்கும். மின்சாரம் எடுப்பதற்காக அந்த அடித் தண்ணீரைத்தான் வெளியே விடுகிறார்கள். ஆகையால் அணைக்குக் கீழே கோடையிலும் ஆறு சில்லென்று ஓடுகிறது. பனிக் காலத்திலோ இதற்கு நேர்மாறான அதிசயம். தண்ணீர் 4 டிகிரி செண்டிகிரேடில்தான் மிகவும் கனமாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்து உறையப் போகும் தண்ணீர் மேலே மிதக்கும். ஆதலால் ஊரெல்லாம் பனி மூடிக் கிடக்கும்போதும், அடியிலிருந்து வரும் நீர் உறையாமல் ஓடிக் கொண்டிருக்கிறது.

இந்த மாறுதலால் வெதுவெதுப்பான நீரில் வாழ்ந்த பழைய மீன்கள் அங்கே நசித்துப் போயின. அதைக் கண்ட சர்க்கார் கையைக் கட்டிக் கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அணையருகே மீன் பண்ணை வைத்து, குளிர் நீரில் வாழும் ட்ரௌட் மீனை லக்ஷக்கணக்கில் வளர்த்து ஆற்றில் விட்டார்கள். அதே நதிக் கூட்டத்தைச் சேர்ந்த லிட்டில் ரெட் ஆற்றில், இன்னோர் அணைக்குக் கீழே, 1992-ஆம் வருஷம் 40 பவுண்டு 4 அவுன்ஸ் நிறையுள்ள ட்ரௌட் ஒன்று அகப்பட்டு உலகப் பிரசித்தி பெற்றது.

பனிக் காலத்தில் அந்த மீனைப் பிடிக்கும் விதமும் ஸ்வாரஸ்யமானது. குளிரில் மீன் சோம்பிப் போய் ஆழத்தில் கிடக்கும். இரையைத் துரத்திக் கொண்டு ஓடாது. அதற்காக 'ஜிக்' என்று ஒரு தூண்டில் முள் செய்திருக்கிறார்கள். முள்ளின் தலையில் ஈயக் குண்டு வார்த்து, அதன் மேல் கொஞ்சம் இறகோ மயிரோ கட்டியிருக்கும். நிறை அரைக்கால் அவுன்ஸ். சில சமயம் அதிலும் குறைவு. மேலே ஒரு தக்கை மிதக்க, கீழே ஜிக்கு மீனின் மூக்குக்கு நேரே மெதுவாக நகர்ந்து போகும். இல்லாவிட்டால் கையாலேயே அதைத் தூக்கித் தூக்கி விடுவார்கள். தூக்கும்போது மீன் சும்மா பார்த்துக் கொண்டிருக்கும். இறகு விரிந்து கீழே இறங்கும்போதுதான் கவ்வும். இவ்வளவும் அணையின் கதவு மூடியிருக்கும் வரையில்தான். மின்சார யந்திரம் ஓடத் தொடங்கினால் ஆறு மளமளவென்று ஏறிவிடும். அதற்கு முன்னால் அணையில் சங்கு ஊதுவார்கள். இன்ன வேளையில் எவ்வளவு நீர் விடப்படும் என்ற உத்தேசக் கணக்கையும் முன்கூட்டியே பிரசுரித்து விடுகிறார்கள்.

இதையெல்லாம் நாம் மிக்க உற்சாகத்துடன் சொல்லி முடித்ததும், கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையன் எழுந்து நின்றான்.

"சார்! நம்ம ஒகேனக்கல்லும் அணைக்குக் கீழேதானே இருக்கிறது? அங்கே மட்டும் ஏன் பெரிய மீன் இல்லை?" என்று கேட்டான்.

தர்மபுரி ஜில்லாவில் இருபது வருஷமாகப் பாடம் சொல்லிக் கொடுத்து வரும் நமக்கு அந்தக் கேள்விக்கு உடனே பதில் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று உபாத்தியாயர்களின் வழக்கமான அஸ்திரத்தைப் பிரயோகித்துத் தப்பித்துக் கொண்டோம். அரைப் பரீட்சை விடுமுறை வந்ததும் பென்னாகரம் வழியாக ஒகேனக்கல்லுக்குப் பஸ் ஏறினோம்.

இரண்டு அணைகளுக்கு நடுவே

பையன் சொன்னது பூகோளப்படி முற்றிலும் சரி. ஒகேனக்கல்லுக்கு மேலே, மைசூருக்குப் பக்கத்தில், 1930-களின் தொடக்கத்தில் கட்டி முடிந்த கிருஷ்ணராஜ சாகரம் இருக்கிறது. கபினி நதியில் 1974-ல் முடிந்த அணை ஒன்றும் உண்டு. கீழே 1934-ல் திறக்கப்பட்ட மேட்டூர் அணை. மேட்டூர் நிரம்பினால் அதன் தேக்கம் பின்னோக்கி நாகமரை, ஒட்டனூர் முதலிய கிராமங்களைத் தாண்டி விரிந்து கிடக்கும். ஆக, நம்முடைய ஜில்லாவில் பாயும் காவிரி மேலே ஒரு கதவும் கீழே ஒரு சுவரும் உள்ள ஆறு.

நாம் போன அன்று நீர்வரத்து குறைந்து தண்ணீர் தெளிந்திருந்தது. அருவியில் குளிக்கும் கூட்டம் ஒரு பக்கம். எண்ணெய் தேய்த்து விடுகிறவர்களிடம் உடம்பை ஒப்புவித்துவிட்டு உயிரைக் கையில் பிடித்துக் கொண்டிருந்தவர்கள் ஒரு பக்கம். மீன் வறுக்கும் பெண்களின் கல்லிலிருந்து எழுந்த மசாலா வாசனை எல்லாப் பக்கமும். நாம் ஒரு முதிய பரிசல்காரரிடம் போய்ச் சேர்ந்தோம். மூங்கில் பிளாச்சால் பின்னி, அந்தக் காலத்தில் தோல் போர்த்தி, இந்தக் காலத்தில் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய வட்டப் பரிசலில் நம்மை உட்கார வைத்துக் கொண்டு, ஒற்றைத் துடுப்பால் தள்ளினார்.

"பெரியவரே! மீன் கிடைக்கிறதா?" என்று கேட்டோம்.

"கிடைக்குதுங்க வாத்தியாரய்யா. ஜிலேபி கிடைக்குது, ரோகு கிடைக்குது, கட்லா கிடைக்குது. ஆத்து மீன்தான் கிடைக்க மாட்டேங்குது."

இதைக் கேட்டுச் சிரித்தோம். ஆனால் அவர் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது வேடிக்கையல்ல. ஜிலேபிக் கெண்டையின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. ரோகுவும் கட்லாவும் கங்கைப் பிரதேசத்திலிருந்து வந்தவை.

"முன்னே எப்படி இருந்தது?"

"நான் சின்னப் பையனா இருக்கறப்ப ஆள் உசரத்துக்கு மீன் பார்த்திருக்கேன். பரிசல்ல கிடத்தினா வாலு வெளியே தொங்கும். செதிலு ஒண்ணொண்ணும் வெத்தலை அகலம் இருக்கும். எங்க தாத்தன் ஆடியில வெள்ளம், தையில தெளிவுன்னு கணக்கு வச்சு வலை கட்டினாரு. இப்ப மேலே திறந்தா வருது, மூடினா நிக்குது. பஞ்சாங்கத்தைப் பார்த்து என்னங்க பண்றது? எத்தனை கன அடின்னு செல்போன்ல பார்த்துக்கிட்டு இருக்கோம். ராத்திரியில திடீர்னு ஏறிடுச்சுன்னா வலை போன இடம் தெரியாது. ஒரு வலை போனா ரெண்டு மாசக் கூலி போச்சு. என் மகன் இதெல்லாம் வேணாம்னு ஓசூருக்கு வேலைக்குப் போயிட்டான்."

பிலிகுண்டுலுவில் இத்தனை கன அடி, ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை என்று தினந்தோறும் பத்திரிகைகளில் வரும் செய்தியை நாமும் படித்துத்தான் வருகிறோம். வயலுக்கு எவ்வளவு, குடிதண்ணீருக்கு எவ்வளவு என்றே அதைப் படித்துப் பழகிவிட்டோம். அந்த எண்ணை நம்பி ஒரு மனிதர் வலை கட்டுகிறார் என்பதும், அதே எண் ஒரு மீனின் ஜாதகமாகவும் இருக்கிறது என்பதும் அன்றுதான் நமக்கு உறைத்தது.

பெயரில்லாத பெருமீன்

அந்தப் பெரியவர் சொன்ன ஆள் உயர மீன் கட்டுக் கதை அல்ல. மஹ்ஸீர் என்று வட இந்தியப் பெயரால் உலகம் அறிந்த பெருங்கெண்டை ஜாதியில், முதுகில் திமில் போன்ற மேடு உள்ள ஓர் இனம் காவிரியிலும் அதன் உபநதிகளிலும் மட்டும் வாழ்ந்து வந்தது. 1946-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், மைசூரில் மிருகங்களைப் பாடம் செய்வதில் பேர்பெற்ற வான் இங்கென் குடும்பத்தார் ஒருவர் கபினி நதியில் 120 பவுண்டு மீனைத் தூண்டிலில் பிடித்தார். அந்த அர்க்கன்ஸாஸ் மீனைப் போல் மூன்றைத் தராசில் ஏற்றினாலும் இந்த ஒன்றுக்குச் சரியாகும்!

இந்த மீனைப் பிடிக்க ஈயமும் இறகும் தேவையில்லை. கேழ்வரகு மாவைப் பிசைந்து வேக வைத்து உருட்டிய உருண்டையே காவிரிக்கரையில் பிரசித்தமான இரை. தர்மபுரிக்காரர்களுக்கும் காவிரி மீனுக்கும் களியில் ஒரே ருசி என்று சொல்லலாம். தை, மாசி மாதங்களில் நீர் வடிந்து தெளிந்ததும், ஆழமான மடுக்களின் ஓரத்தில் உட்கார்ந்து அந்த உருண்டையைப் போடுவார்கள்.

இப்போது வெள்ளைக்காரர்கள் செய்த ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். நீலகிரியில் குடியேறிய அவர்களுக்குத் தங்கள் ஊர் ட்ரௌட் இல்லாமல் பொழுது போகவில்லை. பிரான்ஸிஸ் டே என்னும் மீன் சாஸ்திரி 1863-லேயே அதைக் கொண்டு வர முயன்றார், பலிக்கவில்லை. பிறகு வில்ஸன் என்பவர் வெளிநாடுகளிலிருந்து முட்டைகளை வரவழைத்து, அவலாஞ்சியில் 1907-ல் பொரிப்பகம் ஏற்படுத்தி, வானவில் ட்ரௌட்டை மலை ஓடைகளில் நிலைநாட்டி விட்டார். ஒரு மீனுக்காகப் பட்ட பிரயாசை எவ்வளவு பாருங்கள்! அதை நாம் குறை சொல்லவில்லை. அந்தச் சிரத்தையில் கால் பங்காவது நம் ஆற்று மீன் மேல் நமக்கு இருந்ததா என்பதுதான் கேள்வி.

இல்லை என்பதற்குச் சாட்சி வேண்டுமானால், திமில் மஹ்ஸீருக்குச் சாஸ்திரப் பெயரே நிச்சயமாகாமல் வெகு காலம் கிடந்தது. 2007-ல் கேரளத்துப் பாம்பாற்றில் கண்ட ஒரு மீனுக்கு 'டோர் ரேமாதேவி' என்று பெயர் வைத்தார்கள். பாம்பாறு நம் அமராவதியில் கலந்து காவிரிக்கு வருவது. அந்த மீனும் நம் திமில் மஹ்ஸீரும் ஒன்றே என்று நிபுணர்கள் நிரூபித்தது 2018-ல். அதே வருஷத்தில், அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் உலக ஜாபிதாவில் அது ஏறியது. பெயர் கிடைத்ததும், போகும் வழி தெரிந்ததும் ஒரே வருஷத்தில்!

அணைகள் மீனின் வழியை மறித்தன. கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்த உல்லம் மீன் மேட்டூர் அணைக்குப் பிறகு அருகிப் போயிற்று. தோட்டா வெடித்துக் கொத்துக் கொத்தாய் மீனைக் கொல்கிறவர்களும் இருந்தார்கள். 1897-ஆம் வருஷத்திய மீன் சட்டமே அதைக் குற்றம் என்று சொல்லியும் அது நின்றபாடில்லை. இவற்றுடன் நல்லெண்ணத்தால் விளைந்த கெடுதல் ஒன்றும் சேர்ந்து கொண்டது. மஹாராஷ்டிரத்தில் லோனாவலா அணைத் தேக்கத்தருகே டாடா கம்பெனியார் வைத்த பண்ணையில் நீலத் துடுப்பு மஹ்ஸீரை லக்ஷக்கணக்கில் பொரித்துப் பல ஆறுகளுக்கு அனுப்பினார்கள். காவிரியிலும் விட்டார்கள். ஒகேனக்கல்லுக்கு மேலே, கர்நாடக எல்லையில், மீனைப் பிடித்து அளந்து மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடும் தூண்டில்காரர்கள் 1998 முதல் 2012 வரை குறித்து வைத்த கணக்கைப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. வந்த மீன் பெருகியிருந்தது. சொந்த மீன் குறைந்து கொண்டே போயிருந்தது.

இன்று அது நிச்சயமாகப் பிழைத்திருக்கும் இடங்களுள் முக்கியமானது மோயாறு. நீலகிரியின் உச்சியில் விருந்தாளி ட்ரௌட் சுகமாக இருக்கிறது. அதே மலையின் அடிவாரத்தில் வீட்டுக்காரன் உயிருக்கு மன்றாடிக் கொண்டிருக்கிறான்.

செய்யத் தக்கவை

அணைகள் வேண்டாம் என்று சொல்ல நமக்கு மனம் வராது. அவற்றால் விளையும் சோற்றைத்தான் நாமும் சாப்பிடுகிறோம். ஆனால் ஆற்றின் பருவத்தைக் கையில் எடுத்துக் கொண்டவன், அதை நம்பி வாழ்கிறவர்களின் பொறுப்பையும் எடுத்துக் கொள்ளத்தான் வேண்டும். அமெரிக்கர்கள் ஆற்றை மாற்றினார்கள். மாற்றியதற்கு ஈடும் செய்தார்கள். நாமும் செய்யலாம். நீரைக் கூட்டுவதையும் குறைப்பதையும் படிப்படியாகச் செய்து, கரையில் வலை கட்டும் கடைசி மனிதனுக்கும் முன்னதாகத் தெரிவிக்கலாம். பண்ணையில் குஞ்சு பொரித்தால் அந்தந்த ஆற்றுக்கு உரிய இனத்தையே பொரிக்கலாம். கோடையில் மீன் ஒதுங்கும் ஆழமான மடுக்களில் வலை வீசாமல் விடலாம். இது நமக்குப் புதிய பாடமல்ல. சிருங்கேரியில் துங்கை நதியிலும், ஹாஸன் ஜில்லா ராமநாதபுரத்தில் இதே காவிரியிலும் கோவில் துறை மீன்களை ஜனங்கள் தொடுவதில்லை.

2022-ல் தமிழ்நாட்டு சர்க்கார் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைக் காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். மிக்க மகிழ்ச்சி. ஆனால் அந்தக் காவலில் ஆற்றை அறிந்த பரிசல்காரர்களுக்கு இடம் இருக்க வேண்டும். கர்நாடகப் பக்கத்துத் தூண்டில் முகாம்களில், முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள் சிலரே வழிகாட்டிகளாகி மீனைக் காத்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

பள்ளிக்கூடம் திறந்ததும் பையனுடைய கேள்விக்குப் பதில் சொன்னோம். "பெரிய மீன் இல்லை என்பதில்லை, தம்பி. இருந்தது. நாம் அதன் பெயரைக்கூடத் தெரிந்து கொள்ளவில்லை" என்றோம். இப்போது நமது வகுப்புச் சுவரில் பையன்களே எழுதிய காவிரி மீன்களின் படங்கள் தொங்குகின்றன. சொந்த மீனுக்குப் பச்சை மை. வந்த மீனுக்குச் சிவப்பு.

நேயர்கள் அடுத்த தடவை குடும்பத்தோடு ஒகேனக்கல்லுக்குப் போனால், கல்லில் வறுபடும் மீன் எந்த ஊர் மீன் என்று அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அருகில் நிற்கும் குழந்தைகளுக்கும் அந்தப் பதில் காதில் விழட்டும்.