எங்கள் வீட்டுக் குளவி

ஆடி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். என் ஓர்ப்படியின் அறையில், ஜன்னல் சட்டத்தின் மேல் மூலையில், ஒரு குளவி மண்ணை அப்ப ஆரம்பித்தது. அதை முதலில் பார்த்தவர் என் மாமியார். "யாரும் தொடக்கூடாது. ஒட்டடைக் கம்பு இந்தப் பக்கமே வரக்கூடாது" என்று அப்போதே உத்தரவு போட்டுவிட்டார்.

ஏன் என்று உங்களில் பலருக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் தொட்டில் ஆடும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. ஓர்ப்படிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. குழந்தை இல்லை.

மூன்றாம் நாள் சமையற்கட்டில் இருவரும் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். அவள் தலை நிமிராமலே சொன்னாள்: "அக்கா, நீங்களே அதை உடைச்சிடுங்க. போன வருஷமும் இதே ரூம்லதான் கட்டிச்சு. அத்தை தினம் வந்து கூட்டைப் பார்க்கறாங்க. அப்புறம் என் வயித்தைப் பார்க்கறாங்க. என்னால முடியலை."

"உடைக்கறது ஒரு நிமிஷ வேலை. எப்ப வேணாலும் உடைக்கலாம். அதுக்கு முன்னாடி அது என்னதான் பண்ணுதுன்னு நாம ரெண்டு பேரும் பார்ப்போமே" என்றேன். வேறு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். அந்தப் படிப்பு இந்த வீட்டில் கரப்பான்பூச்சி அடிக்கத்தான் பயன்பட்டது என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வது உண்டு.

மறுநாள் முதல், மத்தியானம் பாத்திரம் தேய்த்து முடிந்ததும், அவள் அறைக் கட்டிலில் இருவரும் உட்கார்ந்துகொள்வோம்.

கறுப்பு உடம்பு, காலில் மஞ்சள், இடுப்போ மஞ்சள் நூல் மாதிரி. நம் ஊர்களில் சர்வ சாதாரணமாகக் காணும் மண் குளவிதான். 1781ல் இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தவர் ஃபப்ரீசியஸ் என்ற டென்மார்க்காரர். அந்தப் பெயரிலேயே நம் மதராஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது: 'ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பட்டானம்'. பட்டணத்தின் பெயர் சென்னை என்று மாறிவிட்டது. குளவி தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

துவைக்கிற கல்லிலிருந்து வாழைக்குப் பாயும் தண்ணீரின் ஓரத்தில் மண் பதமாக இருக்கும். அங்கே போய் வாயால் மண்ணைச் சுரண்டி, மிளகு அளவு உருண்டையாக்கித் தூக்கிக்கொண்டு வரும். சட்டத்தில் அதை அப்பும்போது 'ங்ஙீ' என்று ஒரு ரீங்காரம். கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். உடம்பை அதிரவைத்து மண்ணை இளக்கிப் பரப்புகிறது. கொத்தனார் கரண்டியால் தட்டித் தட்டிப் பூசுவதில்லையா, அதுபோல. ஒரு அறை கட்ட 26 நடை என்று என் மகன் எண்ணிச் சொன்னான். விரல் பருமனில் ஒரு குழாய். அதுதான் ஒரு அறை.

அறை முடிந்ததும் மண் சுமப்பது நின்றது. அடுத்த நடையில் வாயில் ஒரு சிலந்தி. செடிகளுக்கு இடையே வலை பின்னுவதும், இலை மேல் குதித்துத் திரிவதுமாகச் சின்னச் சின்னச் சிலந்திகள். குளவி அதைக் கொட்டும், ஆனால் கொல்லாது. விஷம் சிலந்தியை மரத்துப்போகச் செய்துவிடும். உயிர் இருக்கும், அசைவு இருக்காது. செத்த இரை இந்தச் சூட்டில் இரண்டே நாளில் அழுகிவிடுமே! ஐஸ்பெட்டி இல்லாமல் வாரக்கணக்கில் கெடாமல் வைக்க அது கண்ட வழி இது. தொடக்கத்தில் வைத்த ஒரு சிலந்தியின் மேல் வெள்ளையாக ஒரே ஒரு முட்டை இடும். பிறகு அறை நிறைய அடைத்து, வாயை மண்ணால் மூடிவிட்டு, பக்கத்தில் அடுத்த அறை. அடைத்து முடிவதற்குள் இருட்டிவிட்டால் மெல்லிய மண் பூச்சு ஒன்று பூசி மூடிவிட்டு, காலையில் அதைப் பிரித்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறது. எறும்புக்குப் பயந்து நாம் பாலை மூடி வைப்பது போலத்தான்.

இத்தனை சிலந்தியில் ஒன்றைக்கூடத் தாய் தின்பதில்லை. அதன் சாப்பாடு பூவில் உள்ள தேன். பந்தலில் புடலம்பூவில் ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி வேட்டை. ஆண் குளவிக்கு இந்தக் கட்டட வேலையிலும் பங்கில்லை, வேட்டையிலும் பங்கில்லை. இதைச் சொன்னபோது ஓர்ப்படி சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இப்படி ஒன்பது நாள் போயிருக்கும். அன்று சாயங்காலம் ஆடிக்காற்று ஜன்னல் கதவைப் படாரென்று அடித்ததில் கூட்டின் ஓரத்து அறை உடைந்து விழுந்தது. மாமியார் ஓடி வந்தார். "தாழ் போட வேண்டாமா? கூடவா ஒரு பொம்பளைக்குப் பொறுப்பில்லாமப் போகும்?" என்றார். ஓர்ப்படி ஒன்றும் பேசவில்லை. முகம் மட்டும் வெளுத்துவிட்டது.

நான் கீழே விழுந்த மண்ணை ஒரு தட்டில் வாரிக் கொண்டுவந்து மாமியார் முன்னால் வைத்தேன். உள்ளே 14 சிலந்திகள். ஒன்றின் கால் நுனி லேசாகத் துடித்தது. ஒன்றின் மேல், சோற்றுப் பருக்கையைவிடச் சின்னதாக, அப்போதுதான் பொரித்த புழு.

"ஐயையோ, இதுங்க உயிரோடவா இருக்கு?" என்றார்.

"ஆமாம் அத்தை. அந்தப் புழுதான் குளவியோட குழந்தை. இதுங்கதான் அதுக்குப் பாலும் சோறும்."

"குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னை மாதிரி ஆக்கிடும்னுதானே காலட்சேபத்துல சொல்வாங்க?"

அந்தப் பழைய உவமை எப்படி வந்தது என்று யோசித்தால் புரிகிறது. மண்ணில் குட்டிக் குடம் போலக் கூடு கட்டும் வேறொரு குளவி இருக்கிறது. அது பச்சைப் புழுக்களைத்தான் பிடித்து அடைக்கும். உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. பார்த்தவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? உள்ளே போன புழு உணவு, வந்தது அதைத் தின்ற பிள்ளை என்பது கூட்டை உடைத்துப் பார்த்தவருக்குத்தானே தெரியும்.

மாமியார் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம், திரும்பி வந்து தேடுமே" என்றார்.

அது தேடவில்லை. மறுநாள் காலை வந்து உடைந்த இடத்தைத் தாண்டி நடந்து, அடுத்த அறையைப் பூச ஆரம்பித்துவிட்டது. பிரான்ஸ் தேசத்தில் ஃபாபர் என்ற பூச்சி ஆராய்ச்சியாளர் இருந்தார். 1915ல் தமது 91வது வயதில் காலமானவர். குளவி அடைக்கிற அறையிலிருந்து முட்டையையும் சிலந்தியையும் அவர் எடுத்து எடுத்துப் பார்த்தார். தாய் மேலும் மேலும் சிலந்தி கொண்டுவந்து, கடைசியில் காலி அறையைக் கவனமாக மூடிவிட்டுப் போயிற்றாம். கூட்டையே பெயர்த்தெடுத்தபோதும், வெறும் சுவரில் அது மண் பூசிக்கொண்டிருந்ததாம். பிள்ளைக்காக இவ்வளவு பாடுபடும் அந்தத் தாய்க்குப் பிள்ளையின் முகமே தெரியாது. சில வாரங்களே உயிர் வாழ்கிற அது, மூடிய அறையைத் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. இதற்கு நம் வீட்டுத் தொட்டில் ஆடுமா ஆடாதா என்று எங்கே தெரியப்போகிறது! இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாமியாருக்கு எட்டியிருக்க வேண்டும். அன்றிலிருந்து அவர் அந்த அறைக்குத் தினமும் வருவது நின்றது.

இன்னொரு விஷயத்தை மட்டும் வாய்விட்டே சொன்னேன். குளவிகளில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தாயின் கையில் இருக்கிறது. ஆணிடமிருந்து பெற்ற விந்தை உடம்பில் ஒரு சிறு பையில் சேமித்து வைத்திருக்கும். அது சேர்ந்த முட்டை பெண்ணாகும், சேராத முட்டை ஆணாகும். பெண் உருவத்தில் பெரியது என்பதால் அதன் அறையில் சிலந்தியும் பொதுவாக அதிகம். "பொண்ணுக்குத்தான் கூடச் சோறா!" என்று மாமியார் மூக்கின் மேல் விரல் வைத்தார். அவர் பிறந்த வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்களுக்கு இலை.

பக்கத்து வீட்டுப் பெண் ஒன்றரை வயசுக் குழந்தையோடு வந்தவள், குளவியைக் கண்டதும் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினாள். அவள் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த மண் குளவி தனிக்குடித்தனம். கூட்டைக் காக்கக் கூட்டமாகப் பாய்ந்து வராது. கையால் பிடித்தாலோ, துணியில் சிக்கினாலோதான் கொட்டும். பயப்பட வேண்டியது பனை மரத்திலும் பாழ் வீட்டிலும் கூட்டமாய் வாழும் கதண்டுக்கு. அந்தக் கூட்டைக் கண்டால் கல்லெறிந்து, நெருப்பு வைத்து வீரம் காட்டாமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

எந்தக் குளவி கொட்டினாலும், கை என்றால் மோதிரத்தையும் வளையலையும் உடனே கழற்றுங்கள். வீங்கினால் பிறகு வராது. சோப்புத் தண்ணீரால் கழுவி, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றி எடுத்தால் போதும். குளவி தேனீயைப் போலக் கொடுக்கை விட்டுச் செல்வதில்லை, அதனால் தோண்டித் தேட வேண்டாம். சுண்ணாம்பு குழந்தையின் மெல்லிய தோலைப் பொத்துவிடும். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு அல்லது கண் வீக்கம், மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம் என்று ஏதாவது கண்டால் கைவைத்தியம் ஒன்றும் வேண்டாம். ஒரே ஒரு கொட்டாக இருந்தாலும் 108க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அங்கே போடும் அட்ரினலின் ஊசிதான் உயிரைக் காக்கும். பல கதண்டுகள் கொட்டியிருந்தால் அப்போதைக்குத் தெம்பாகத் தெரிந்தாலும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். அந்த விஷம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது.

என் பாட்டி பொன்னுக்கு வீங்கிக்குக் குளவிக்கூட்டு மண்ணைக் குழைத்துப் பற்றுப் போடுவாள். தோல் மேல் போட்டதோடு போயிற்று. ஆனால் புண்ணிலோ, பச்சைக் குழந்தையின் தொப்புளிலோ எந்த மண்ணும் படக்கூடாது. ரணஜன்னிக் கிருமி மண்ணில்தான் குடியிருக்கிறது.

ஜன்னல் மூலையில் கட்டினால் விட்டுவிடலாம். பிளக் ஓட்டையிலோ, ஏ.சி. தண்ணீர் வடியும் குழாயிலோ கட்டினால் மட்டும் ஆரம்பத்திலேயே எடுத்துவிடுங்கள். 1996 பிப்ரவரி 6ந் தேதி டொமினிக்கன் குடியரசில் ஒரு விமானம் கடலில் விழுந்து 189 பேர் மாண்டார்கள். வேகத்தை அளக்கும் குழாய் அடைபட்டிருந்தது காரணம். சில நாள் மூடாமல் நின்ற அந்தக் குழாயில் மண் குளவி கூடு கட்டியிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது.

எங்கள் குளவி ஆறு அறை கட்டி, உடைந்தது போக மீதி ஐந்தையும் மொத்தமாக மேலே மண் பூசி மூடிவிட்டுப் போய்விட்டது. உள்ளே புழு சிலந்திகளை ஒவ்வொன்றாகத் தின்று வளர்ந்து, பட்டு போல ஒரு உறை பின்னிக்கொள்ளும். தின்று முடிக்கும் வரை அது கழிவு கழிப்பதே இல்லை. குடலின் பின்வாசல் அதுவரை அடைபட்டே இருக்கும். இருக்கிற சாப்பாடு அசுத்தமாகக் கூடாதே! தினம் பத்துத் துணி அலசும் இளம் தாய்மார்கள் பெருமூச்சு விடலாம்.

ஐந்து வாரம் கழித்து ஒரு காலை, "அக்கா, ஓடி வாங்க" என்று ஓர்ப்படி கூப்பிட்டாள். கூட்டில் ஒரு சிறு ஓட்டை. உள்ளேயிருந்து மண்ணைக் கடித்துத் துப்பிக்கொண்டு ஒரு தலை. அரை மணி நேரம் பார்த்தோம். வெளியே வந்து, மீசையைக் காலால் நீவிவிட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பிக்கு நடுவே பறந்து போயிற்று. அந்த வாரத்திலேயே இன்னும் மூன்று. ஐந்தாவது ஓட்டையிலிருந்து வந்தது குளவி இல்லை, பச்சையும் நீலமுமாக மின்னும் வேறொரு பூச்சி. குயில் குளவி! பெயருக்கேற்றபடி, அடுத்தவள் கட்டிய அறையில் தன் முட்டையை நுழைத்துவிடுகிற ஜாதி. தாய் காவல் இல்லாத வீடு என்றால் இந்த ஆபத்தும் உண்டு.

ஓர்ப்படி கூட்டை உடைக்கச் சொல்வதை விட்டுவிட்டாள். புரட்டாசியில் அவளும் கொழுந்தனும் டாக்டரிடம் போனார்கள். ஆறு வருஷத்தில் அவள் மட்டும்தான் எல்லாப் பரிசோதனைக்கும் போய் வந்திருக்கிறாள். கணவனுக்கும் பரிசோதனை உண்டு, அது எளிது, பல தம்பதிகளில் குறை அந்தப் பக்கமும் இருக்கிறது என்பதை இந்தத் தடவைதான் அவரைக் கேட்க வைத்தோம். அவரை அழைத்துக்கொண்டு போகச் சொன்னது மாமியார். முடிவு வர வேண்டும்.

காலிக் கூடு இன்னும் சட்டத்தில்தான் இருக்கிறது. நேற்று அதன் ஒரு ஓட்டைக்குள் இலைவெட்டித் தேனீ ஒன்று, எங்கள் ரோஜாச் செடியிலிருந்து வட்டமாய் வெட்டிய பச்சை இலையைச் சுருட்டிக்கொண்டு நுழைந்தது. அதுவும் தன் பிள்ளைக்குத்தான் இடம் பார்க்கிறது. மாமியாரிடம் நாங்கள் இருவரும் சொல்லவில்லை.