சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினி கிடக்குமா?

"டாக்டர், அம்மாவுக்கு மார்புல புற்றுநோய். சர்க்கரைதான் அதுக்குத் தீனியாமே? சோறு, பழம் எல்லாத்தையும் நிறுத்திட்டோம்" என்றார் என்னிடம் வந்த ஒரு பெண்மணி. பக்கத்தில் அம்மா கன்னம் ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தார்.

புற்றுக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். ஜெர்மனியைச் சேர்ந்த விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே அதைக் கண்டார். நம் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஓர் அடுப்பு. பிராணவாயுவைக் கொண்டு குளுக்கோஸை அதில் முழுசாக எரித்தால், ஒரு மூலக்கூறுக்குச் சுமார் 30 ஏ.டி.பி. கிடைக்கும். ஏ.டி.பி. என்பது செல் செலவழிக்கும் சக்திக் காசு. பல புற்றுச் செல்களோ, பிராணவாயு தாராளமாக இருந்தாலும் குளுக்கோஸில் பெரும்பகுதியை அரைகுறையாகவே உடைத்து, லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளுகின்றன. இட்லி மாவு புளிக்கிறதே, அதே அமிலம்! இந்த வழியில் கிடைப்பது 2 காசுதான். அதனால் குளுக்கோஸை அள்ளி அள்ளி விழுங்குகின்றன. பெட் ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரிவது இதனால்தான்.

ஏன் இந்த ஊதாரித்தனம்? அடுப்பு கெட்டதுதான் புற்றுக்கே மூலகாரணம் என்றார் வார்பர்க். அது சரியில்லை, பெரும்பாலான புற்றுச் செல்களில் அடுப்பு எரியத்தான் செய்கிறது. ஆனால் வேகமாகப் பெருகும் செல்லுக்குச் சக்தி மட்டும் போதுமா? கொழுப்பு, மரபணுச் சரக்கு எல்லாம் வேண்டும். வீடு கட்டுகிறவன் மரத்தையெல்லாம் விறகாக்கினால் நிலைக்கும் கதவுக்கும் எங்கே போவான்? தள்ளிவிட்ட அமிலமும் சும்மா இருப்பதில்லை. நோயை எதிர்க்கும் செல்களை மந்தமாக்குகிறது.

சில மூளைக்கட்டிகளில் இன்னும் விசேஷம். ஐ.டி.எச். என்ற மரபணு பழுதாகி, அந்த நொதி வேறொரு பொருளைத் தயாரிக்கிறது. அது செல்லை முதிரவிடாமல் தடுத்துப் புற்றுக்கு வழி பண்ணுகிறது.

சரி, சோற்றை நிறுத்தினால்? ரத்தச் சர்க்கரை இறங்கிவிடாது. தசையைக் கரைத்தாவது கல்லீரல் குளுக்கோஸ் தயாரித்துவிடும். புற்றுச் செல் புரதத்திலிருந்தும் கொழுப்பிலிருந்தும் தேவையானதை எடுத்துக்கொள்ளும். மெலிவது நோயாளிதான்! மெலிந்த உடம்பு கீமோதெரபியைத் தாங்காது. பத்தியம் சொல்வது எங்கள் வழக்கம்தான். பட்டினி போடச் சொல்வது பத்தியமல்ல. அதேசமயம், இனிப்பாகத் தின்று உடம்பு பெருத்தால் சில புற்றுகளுக்கு வாய்ப்பு கூடுகிறது என்பதும் நிஜம்.

அந்த அம்மாவுக்கு நீரிழிவு இல்லை. "குழைந்த சோறு, பருப்பு, முட்டை, பழம் குடுங்க. ஆஸ்பத்திரியில குடுத்த கீமோ தேதியைத் தவற விடாதீங்க. என்கிட்ட கஷாயம் வாங்கினாலும் அந்த டாக்டரைக் கேட்காம குடுக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினேன்.