ஓ.எல். வருசமும் நானூறு மீற்றரும்

சித்தாண்டியில் பின்னேரத் தேத்தண்ணிக்கு இருந்தபோது ஒரு தகப்பன் கேட்டார்: "மகள் பத்தாம் ஆண்டுக்கு வந்திட்டாள் அண்ணன். நானூறு மீற்றரில வலயம் வரைக்கும் போனவள். ஓ.எல். முடியுமட்டும் ஓட்டத்தை நிப்பாட்டச் சொல்லி வீட்டில எல்லாரும் நிக்கிறாங்க. என்ன செய்யிற?"

குறைக்கலாம், நிப்பாட்ட வேண்டாம் என்றேன். காரணத்தை ஆறுதலாகத்தான் சொல்ல வேண்டும்.

மாரி வெள்ளம் வடிந்து மைதானம் காய்ந்தபிறகு இல்ல விளையாட்டுப் போட்டி வரும். அதோடு ஓட்டம் முடிந்துவிட்டதென்று நாம் நினைக்கிறோம். அங்கிருந்துதான் கோட்டம், கல்குடா வலயம், கிழக்கு மாகாணம், அகில இலங்கை என்று ஏணி தொடங்குகிறது. வயதுப் பிரிவுகள் 12, 14, 16, 18, 20. பதினாறு வயதுப் பிரிவு ஓ.எல். படிக்கிற காலத்தில் வருகிறது, அடுத்த இரண்டும் ஏ.எல். காலத்தில். பத்தாம் தரத்தில் சப்பாத்தைக் கழற்றிய பிள்ளை இரண்டு வருசம் கழித்துத் திரும்பி வந்தால், பக்கத்துக் கோட்டில் நிற்பவள் இடைவிடாமல் ஓடி வந்தவளாக இருப்பாள். திறமை இருந்தும் பிள்ளைகள் பின்தங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நானூறு மீற்றர் ஓட்டத்தையே எடுங்கள். முழு ஓடுபாதை போட ஏறக்குறைய 176 மீற்றர் நீளமும் 92 மீற்றர் அகலமும் உள்ள நிலம் வேண்டும். பல கிராமத்துப் பாடசாலைகளில் அவ்வளவு இடம் இல்லை. சுண்ணாம்புக் கோடு இருநூறு மீற்றர் வட்டத்துக்குத்தான் விழும். அதில் இரண்டு சுற்று ஓடும் பிள்ளை நாலு இறுக்கமான வளைவுகளில் வேகத்தைப் பிடித்துப் பிடித்து ஓடிப் பழகுகிறாள். பிறகு மட்டக்களப்பு வெபர் மைதானம் போன்ற பெரிய இடத்துக்குப் போனால் ஒரே சுற்று, இரண்டே வளைவு. இரண்டாம் கோட்டில் நிற்பவள் முதலாம் கோட்டுக்காரியைவிட 7.04 மீற்றர் முன்னால் நின்று புறப்படுவாள். வெளிக்கோடு கிடைத்த பிள்ளைக்கு முன்னால் ஆளே தெரியாது. தான்தான் முதலாவது என்று நம்பி முதல் இருநூறிலேயே மூச்சைச் செலவழித்துவிட்டு, கடைசி எண்பது மீற்றரில் கால் கல்லாகி நிற்பாள். வேகத்தைப் பங்கிட்டு ஓடுவது மாதக்கணக்கில் ஓடிப் படிக்கிற கணக்கு. அதையும் ஒரு பாடம் என்றே நான் எண்ணுகிறேன்.

வெபர் என்ற பெயர், புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளை விளையாட்டில் வளர்த்த அமெரிக்க இயேசு சபைத் துறவி வெபர் அடிகளாருடையது. படிப்பிக்கிறவரே விசிலும் ஊதிய காலம் அது.

"இதால கம்பஸ் கிடைக்குமா?" என்றும் அந்தத் தகப்பன் கேட்டார். நேரே சொல்லிவிடுவோம். இசட் புள்ளியில் விளையாட்டுக்கு ஒரு புள்ளியும் சேராது. ஆனால் படிப்புக்கு வெளியே தேசிய, சர்வதேச மட்டங்களில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் சிறிய சிறப்பு ஏற்பாடு ஒன்று உண்டு. அதற்கும் ஏ.எல். மூன்று பாடங்களும் சித்தியாக வேண்டும். சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் உடற்கல்விக்கே பட்டப்படிப்பு இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியராகும் வழியும் இருக்கிறது. ஓ.எல்.லிலேயே சுகாதாரமும் உடற்கல்வியும் ஒரு தெரிவுப் பாடம். இந்தக் கதவு எதுவும் கணிதத்தையும் தமிழையும் கைவிட்ட பிள்ளைக்குத் திறக்காது. ஆகவே ரியூசனை வெட்டிவிட்டு ஓடச் சொல்ல மாட்டேன்.

எதிர்வீரசிங்கத்தின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவன், உயரம் பாய்பவர். 1952இல் ஹெல்சிங்கி, 1956இல் மெல்பேர்ன் என்று இரண்டு ஒலிம்பிக்குக்குப் போனார். 1958இல் தோக்கியோவில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பாய்ந்துகொண்டே படித்து, பிறகு கோர்னெலில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அவருக்குப் பாய்ச்சலும் படிப்பும் ஒன்றையொன்று தாங்கின.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1984இல் ஒரு சட்டம் போட்டார்கள்: ஒரு பாடத்தில் எழுபதுக்குக் கீழே எடுத்த மாணவர் சில வாரங்களுக்கு விளையாட முடியாது. கடுமையான சட்டந்தான். ஆனாலும் பயிற்சியாளரையும் கணித ஆசிரியரையும் ஒரே புள்ளித்தாளைப் பார்க்க வைத்தது. எங்கள் பாடசாலைகளில் பீ.டி. சேருக்கு ரியூசன் நேரம் தெரியாது, ரியூசன் சேருக்கு வலயப் போட்டித் திகதி தெரியாது. நடுவில் பிள்ளை நின்று திணறுகிறது.

குறைக்கலாம் என்று நான் சொன்னதற்கும் காரணம் உண்டு. கட்டிய உடல்தகுதியைக் காப்பதற்கு, அதைக் கட்டிய அளவு உழைப்புத் தேவையில்லை. வேகத்தைக் குறைக்காமல் நாட்களைக் குறைத்தால் பல வாரங்களுக்கு அது நிலைக்கும். பரீட்சை வருசத்தில் கிழமைக்கு மூன்று பின்னேரம், முக்கால் மணித்தியாலம் போதும். மற்ற நாட்களிலும் முழுக்கக் கதிரையில் இருத்தி வைக்க வேண்டாம்: வளரும் பிள்ளைக்கு நாளொன்றுக்கு அறுபது நிமிடமாவது உடல் அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

இன்னொன்றையும் அந்தத் தகப்பனிடம் சொன்னேன். அதே வகுப்புப் பொடியன்மார் இருட்டுமட்டும் பந்தடிக்கிறார்கள். ஓ.எல்.லுக்கு அது இடைஞ்சல் என்று ஒருவரும் மறிப்பதில்லை. மறிப்பு பொம்பிளப் பிள்ளைக்கு மட்டுந்தான் வருகிறது. பொழுதுபட்டு அவள் தனியே வருவதுதான் பயமென்றால், அதற்கு ஓட்டத்தை நிறுத்துவது தீர்வாகாது. மைதானத்தடியில் போய் நின்று கூட்டிவர ஒரு சைக்கிள் போதும்.

வருகிற கிழமை பீ.டி. சேரிடம் போட்டித் திகதிகளை வாங்கி, ரியூசன் நேரசூசிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். சான்றிதழ்களைக் கூரைக்குக் கீழே செருகி வைக்காதீர்கள். சந்தனமடு ஆறு பெருகினால் வீட்டுக்குள் தண்ணி வருகிற ஊர் இது. பொலித்தீன் உறையில் போட்டு, ஒரு பிரதியைப் பாடசாலையிலும் கொடுத்து வையுங்கள். நாலு வருசம் கழித்துப் பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு கேட்கப்போவது அந்தக் கடதாசியைத்தான்.