மனத்தை அளக்கும் கல்வி

மதகடிப்பட்டு வாரச் சந்தையில் மாடு வாங்குகிறவர் பல்லைப் பார்த்து வயதை அறிகிறார். மனிதனின் மனத்தை எதைக் கொண்டு அறிவது? மனோதத்துவம் படிக்க விரும்பிய என் மாணவியின் தகப்பனார், அச்சந்தைக்குப் பழகியவர், “வாத்தியார் ஐயா! பைத்தியங்களோடு பழகவா பெண்ணைக் கலாசாலைக்கு அனுப்புவது?” என்றார்.

சிகிச்சை முறைகளெல்லாம் மேற்படிப்பைச் சேர்ந்தவை. பட்ட வகுப்பில் முதன்மையாகக் கற்பது ஞாபகம், கவனம், அச்சம் ஆகியவற்றின் இயல்பையும், அவற்றைச் சோதித்து அளக்கும் முறையையுமே. ஜெர்மானிய அறிஞர் எப்பிங்ஹௌஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதியையே அளந்து 1885-ல் நூலாக வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவுகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிலைக்கிறது என்று கண்டார்.

நம் தேசத்திற்கும் இது புதிதன்று. கல்கத்தா சர்வகலாசாலையில் 1916-லும், மைசூரில் 1924-லும் இத்துறை தோன்றியது. மைசூர் மகாராஜா கலாசாலையில் இதைப் போதித்த பேராசிரியர் எம். வி. கோபாலசாமியே, 1935-ல் தம் இல்லத்தில் ‘ஆகாசவாணி’ என்னும் வானொலி நிலையத்தை நிறுவியவர்.

இவற்றைச் சொன்னதும் தகப்பனார் சற்று யோசித்தார். “மாட்டுக்கே இத்தனை சோதனை செய்கிறோம், மனுஷனுக்கு வேண்டாமா?” என்று கூறி விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார்.