வீட்டுக்குள்ளே ஒரு மால்குடி



எங்கள் ஊர் நாமகிரிப்பேட்டை. நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலைப் பக்கம் உள்ள மஞ்சள் விளையும் ஊர். எங்கள் ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு அதை நாடறியச் செய்தவர் நாகசுரக் கலைஞர் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன். இது பலருக்கும் தெரியும். அதேபோலப் பக்கத்து ஊரான ராசிபுரத்தின் பெயரை உலகெங்கும் கொண்டு சென்ற எழுத்தாளர் ஒருவர் இருக்கிறார். ஆனால் அவர் ராசிபுரத்தை ஒரே எழுத்தாகச் சுருக்கி வைத்துக்கொண்டார். அவர் யார், சொல்லுங்கள் பார்க்கலாம்!

ஆர்.கே. நாராயண்தான் அவர். 'ஆர்' என்றால் ராசிபுரம். 'கே' என்றால் அவருடைய அப்பா கிருஷ்ணசாமி. 'மால்குடி' என்ற கற்பனை ஊரைப் படைத்த அதே நாராயண். 'திருவாளர் பொதுஜனம்' என்ற கட்டம் போட்ட கோட்டுக்காரரை வரைந்த கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லட்சுமண் இவருடைய கடைசித் தம்பி. அவர் பெயரிலும் முன்னால் நிற்பது நம்ம ராசிபுரம்தான். இவர்களுடைய முன்னோர் அந்த ஊர்க்காரர்கள்.

ஒரே வீட்டில் ஓர் உலக எழுத்தாளரும் ஓர் உலகப் புகழ் ஓவியரும் உருவானது எப்படி? மந்திரம் ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் சோறு, தண்ணீர் போலப் படிப்பதும் ஒரு பழக்கமாக இருந்தது. அவ்வளவுதான்!

பாட்டி நடத்திய பள்ளிக்கூடம்

நாராயண் 1906-ம் ஆண்டு அக்டோபர் 10-ம் தேதி சென்னையில் பிறந்தார். அப்பா பள்ளித் தலைமையாசிரியர். அவருக்கு அடிக்கடி ஊர் மாறும் வேலை. அதனால் நாராயண் சென்னை புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தார். அங்கே அவருக்கு விளையாட்டுத் தோழர்கள் யார் தெரியுமா? ஒரு மயிலும் ஒரு குரங்கும்!

பகலில் பள்ளிக்கூடம். வீட்டுக்கு வந்தால் பாட்டியின் பள்ளிக்கூடம். கணக்கு, புராணக் கதை, சமஸ்கிருதம், ராகம் என்று எல்லாவற்றையும் பாட்டியே சொல்லிக் கொடுத்தார். கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் கதை படிக்கும் ஆசை தானாக வந்துவிடும். காது முதலில் திறந்தால் கண் பின்னாலேயே திறக்கும்.

பிறகு அப்பாவுக்கு மைசூரில் உள்ள மகாராஜா உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர் வேலை கிடைத்தது. நாராயணும் மைசூருக்குப் போனார். அந்தப் பள்ளியில் நல்ல நூலகம் ஒன்று இருந்தது. அப்பாவிடமும் நிறையப் புத்தகங்கள் இருந்தன. கரும்புத் தோட்டத்துக்குள் விட்ட பிள்ளை போல ஆகிவிட்டார் நாராயண். டிக்கன்ஸ், கானன் டாயில், தாமஸ் ஹார்டி, வுட்ஹவுஸ் என்று ஒருவர் பின் ஒருவராகப் படித்துத் தள்ளினார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இவ்வளவு படித்தவர் கல்லூரிக்குப் போகும் தேர்வில் தோற்றுவிட்டார்! ஓராண்டு வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. அந்த ஓராண்டை அவர் அழுது கழிக்கவில்லை. புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போய்விடுவார். படிப்பார், எழுதிப் பார்ப்பார். அடுத்து 1926-ல் தேர்வில் வெற்றி பெற்றுக் கல்லூரியில் சேர்ந்தார்.

தேர்வில் தோற்பது நல்லது என்று சொல்ல வரவில்லை. தோற்ற பிள்ளையை வீழ்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டது எது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

மாம்பழம் பழுத்ததா?

1930-ல் பாட்டி பார்த்துச் சொன்ன நல்ல நாளில் நாராயண் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். முதல் நாவலை எழுத உட்கார்ந்தார். ஒரு சிறு ரயில் நிலையம் மனத்தில் தோன்றியது. அந்த ஊருக்கு மால்குடி என்று பெயர் வைத்தார். அந்தக் கதைதான் 'சுவாமியும் சிநேகிதர்களும்'. கதையைப் பல பதிப்பகங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பின. கடைசியில் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் மூலம் அது எழுத்தாளர் கிரகாம் கிரீன் கைக்குப் போயிற்று. அவருடைய முயற்சியால் 1935-ம் ஆண்டு லண்டனில் புத்தகமாக வெளிவந்தது.

அந்தக் கதையில் ராஜா இல்லை, மந்திரி இல்லை, பறக்கும் கம்பளம் இல்லை. சுவாமிநாதன் என்ற பள்ளிச் சிறுவன், அவனுடைய அப்பா, அம்மா, பாட்டி, சிநேகிதர்கள். இவர்கள்தான் இருக்கிறார்கள்.

விடுமுறையில் அப்பா அவனை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறார். ராமனிடம் பத்து மாம்பழம் இருக்கிறது, பதினைந்து அணாவுக்கு விற்க வேண்டும். கிருஷ்ணனுக்கு நான்கு பழம் போதும். அவன் எவ்வளவு கொடுக்க வேண்டும்? இதுதான் கணக்கு. சுவாமிநாதனுக்குக் கணக்கு ஓடவில்லை. அந்த மாம்பழங்கள் பழுத்தவையா, காயா என்ற சந்தேகம்தான் அவனுக்கு! அது தெரியாமல் விலை எப்படிச் சொல்வது?

சிரிப்பு வருகிறது அல்லவா? நம் வீட்டிலும் இதே கூத்து நடக்கிறது அல்லவா? அதுதான் படிப்பதில் உள்ள சுகம். எங்கோ ஒருவர், எப்போதோ எழுதியது நம் வீட்டுத் திண்ணையில் நடப்பது போல இருக்கும். 'அட, நான் மட்டும்தான் இப்படி என்று நினைத்தேனே! இவனும் இப்படித்தானா?' என்று தோன்றும். மனத்துக்கு ஒரு துணை கிடைக்கும்.

படம் பார்த்த தம்பி

தம்பி லட்சுமண் 1921-ல் பிறந்தார். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிவதற்கு முன்பே வீட்டில் பத்திரிகைகள் கிடந்தன. 'ஸ்டிராண்ட்', 'பஞ்ச்' போன்ற ஆங்கிலப் பத்திரிகைகள் அவை. எழுத்து தெரியாவிட்டால் என்ன? படம் இருக்கிறதே! பக்கம் பக்கமாகப் படங்களைப் பார்த்தார். பிறகு தரை, சுவர், கதவு என்று கண்ட இடத்தில் எல்லாம் வரையத் தொடங்கினார்.

பெரியவரானதும் மும்பை ஓவியப் பள்ளி ஒன்றில் சேர விண்ணப்பித்தார். 'போதிய திறமை இல்லை' என்று இடம் தரவில்லை. அவர் வரைவதை விடவில்லை. 1951-ல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' நாளிதழில் 'திருவாளர் பொதுஜனம்' பிறந்தார். அண்ணன் எழுதிய மால்குடிக் கதைகளுக்குத் தம்பி படம் போட்டார். 1986-ல் அந்தக் கதைகள் தொலைக்காட்சித் தொடராக வந்தபோதும் தொடக்கத்தில் வரும் ஓவியங்கள் லட்சுமண் வரைந்தவைதான்.

ஆகவே உங்கள் வீட்டில் இன்னும் படிக்கத் தெரியாத தம்பியோ தங்கையோ புத்தகத்தைப் புரட்டினால் பிடுங்காதீர்கள். அவர்களும் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்!

புளி தட்டும்போது ஒரு கதை

"ஐயா, அவர்கள் வீட்டில் நூலகம் இருந்தது. எங்கள் வீட்டில் உட்காரவே இடம் இல்லையே" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

எங்கள் பக்கத்து வீடுகளை நான் அறிவேன். தை, மாசியில் மஞ்சள் வெட்டு. வேகவைத்த மஞ்சளைக் களத்தில் காயவைத்து, விரலி வேறு, கிழங்கு வேறு என்று பிரிக்க வேண்டும். மரவள்ளி வேலை ஒரு பக்கம். அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போன வீட்டில் மூத்த பிள்ளைதான் தண்ணீர் பிடிக்க வேண்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு நடுவில் தனி அறை, மேசை, நாற்காலி, விளக்கு எல்லாம் எங்கே வரும்?

அவை வந்த பிறகு படிக்கலாம் என்று காத்திருந்தால் படிக்கவே முடியாது. களத்தில் காயும் மஞ்சளை ஆடு மிதிக்காமல் காவல் காக்கிறீர்களே, அந்த நேரம் யாருடையது? உலையில் அரிசி வேகும்வரை அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறீர்களே, அது? பேருந்துக்காக நிற்கும் நேரம்? இப்படித் துண்டு துண்டாகக் கிடக்கும் நேரம் எல்லாம் உங்களுடையது. ஒரு சின்னப் புத்தகத்துக்கு அது தாராளமாகப் போதும்.

என் மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். பங்குனி மாதம். அவள் வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுப்பார்கள். இவளும் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். பள்ளியில் வாங்கிப் போன கதைப் புத்தகம் பையிலேயே கிடந்தது. ஒருநாள் அவளுடைய பாட்டி, "நீ புளி தட்ட வேண்டாம். எங்களுக்குப் படிச்சுக் காட்டு. உன் பங்கை நான் தட்டறேன்" என்று சொல்லிவிட்டார். இவள் உரக்கப் படித்தாள். இருட்டியதும் கதை பாதியில் நின்றது.

மறுநாள் பள்ளி விட்டு வந்தவளை வாசலிலேயே மறித்தார்களாம். "ஏம் புள்ள, அந்தப் பையன் காட்டுக்குள்ள போனானே, அப்புறம் என்ன ஆனான்?" என்று கேட்டாராம் எழுத்தே தெரியாத ஒரு பெரியம்மா. அந்த வாரம் முழுக்க அவள் கதை படித்தாள். மூன்று புத்தகங்கள் முடிந்தன. புளியும் முடிந்தது!

எழுத்துத் தெரியாதவர்களுக்கும் கதைப் பசி உண்டு, குழந்தைகளே. நம் ஊர்களில் அந்தக் காலத்தில் பெரிய எழுத்துப் புத்தகங்களை ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து ராகம் போட்டுப் படிப்பார். சுற்றி இருபது பேர் கேட்பார்கள். அந்தத் திண்ணை வாசிப்பை இன்று உங்களால் உயிர்ப்பிக்க முடியும்.

மூட்டையா, சிறகா?

இன்னொரு தடையும் இருக்கிறது. கதைப் புத்தகத்தை எடுத்தாலே, "பாடப் புத்தகத்தைப் படி! மார்க் வாங்க வேண்டாமா?" என்ற குரல் வரும். அம்மா, அப்பா மீது கோபப்படாதீர்கள். உங்கள் எதிர்காலத்தை நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் இதற்குப் பதில் சொன்னவரும் நம் நாராயண்தான்.

1986-ல் அவர் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராக்கப்பட்டார். 1989-ல் அந்தப் பெரிய சபையில் எழுந்து பேசினார். எதைப் பற்றி? உங்கள் புத்தகப் பையைப் பற்றி! சின்னக் குழந்தைகள் மூட்டை சுமந்து குனிந்து நடக்கிறார்கள், காலை எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை பள்ளி வேலையே அவர்களைத் தின்றுவிடுகிறது, விளையாடவும் கனவு காணவும் நேரம் இல்லை என்று வருந்தினார். பிறகு 1992-ல் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 1993-ல் 'சுமையில்லாத கற்றல்' என்ற அறிக்கை வந்தது. பையின் எடையை விடப் பெரிய சுமை எது என்று அந்த அறிக்கை சொன்னது தெரியுமா? புரியாமல் படிப்பதுதான்!

வகுப்பறையில் நான் கண்டதும் இதுவே. கதை படிக்கும் பிள்ளை கணக்கின் கேள்வியை ஒருமுறை படித்ததும் புரிந்துகொள்வான். கதையே படிக்காத பிள்ளை கணக்குத் தெரிந்தும் கேள்வி புரியாமல் விழிப்பான். எனவே உங்கள் பெற்றோரிடம் பணிவாகச் சொல்லுங்கள்: "கதை படித்தால் பாடமும் நன்றாகப் புரியும்ப்பா. வீட்டுப் பாடம் முடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் படிக்கிறேன்." சொன்னபடி வீட்டுப் பாடத்தை முடித்தும் காட்டுங்கள்!

உங்கள் புத்தகம் அங்கே இருக்கிறது

புத்தகம் வாங்கப் பணம் இல்லையா? கவலை வேண்டாம். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நமக்காகவே உழைத்திருக்கிறார். கணக்கு ஆசிரியராக இருந்து நூலகரானவர் அவர். புத்தகம் என்பது பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பது அவருடைய முதல் விதி. 1931-ல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு போனார்கள். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதனால்தான் இன்று நம் ஊர்களில் கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் இருக்கின்றன.

ஒரு ரகசியம் சொல்லட்டுமா? உங்கள் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. ஆகவே அந்த நூலகத்தில் இருக்கும் புத்தகங்கள் இனாம் இல்லை. உங்கள் குடும்பத்தின் பணமும் அதில் இருக்கிறது. கூச்சப்படாமல் உள்ளே போய்க் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

செய்து பாருங்கள்!

* ஒரு நாளைக்கு ஐந்து பக்கம் படியுங்கள். 5 x 365 = 1,825 பக்கம். நூறு பக்கப் புத்தகம் என்றால் ஆண்டுக்குப் பதினெட்டுப் புத்தகம்!

* தெரியாத சொல் வந்தால் நிற்காதீர்கள். மெல்லிய கோடு போடாமல், ஒரு தாளில் குறித்துக்கொண்டு மேலே போங்கள். பாதிச் சொற்களுக்குக் கதையே பொருள் சொல்லிவிடும்.

* வீட்டில் வேலை செய்பவர்களுக்கு வாரம் ஒரு கதை உரக்கப் படித்துக் காட்டுங்கள். முக்கியமான இடத்தில் நிறுத்திவிட்டு, "மீதி நாளைக்கு" என்று சொல்லிப் பாருங்கள். நடப்பது தெரியும்!

* கடைப் பொட்டலக் காகிதத்தையும் பிரித்துப் படியுங்கள். பாதிக் கதைதான் இருந்தால் மீதியை நீங்களே எழுதுங்கள்.

* பத்துப் பக்கம் படித்தும் பிடிக்கவில்லையா? மூடி வைத்துவிட்டு வேறு புத்தகம் எடுங்கள். அது குற்றமில்லை.

* இரவல் வாங்கிய புத்தகத்தை மடிக்காமல், கிழிக்காமல், சொன்ன நாளில் திருப்பிக் கொடுங்கள். அடுத்த புத்தகத்துக்கு அதுதான் டிக்கெட்!

செல்லங்களே, கைபேசியில் ஒரு படம் ஓடினால் எல்லாருக்கும் ஒரே முகம்தான் தெரியும். புத்தகத்தில் மால்குடி என்று படித்தால், உங்கள் மால்குடி வேறு, உங்கள் தோழியின் மால்குடி வேறு. உங்கள் மால்குடியில் மஞ்சள் களம் இருக்கலாம், கொல்லிமலை தெரியலாம், உங்கள் பாட்டியே சுவாமிநாதனின் பாட்டியாக உட்கார்ந்திருக்கலாம். அந்த ஊரைக் கட்டுவதற்குச் செங்கல் வேண்டாம், சிமெண்ட் வேண்டாம். இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, வீட்டில் கையில் கிடைக்கும் முதல் புத்தகத்தைத் திறந்தால் போதும்.

என்ன, இன்று மாலையே தொடங்கிவிடுவோமா?